எங்கள் காட்டுச் செடி என் நரம்பில் ஏறியது

செல்வி, குமார், சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நீங்கள் ரெண்டு பேரும் என் மடியில் உட்கார்ந்தால் உங்கள் விரல் நேரே என் கழுத்தின் இடப்பக்கத்துக்குத்தான் போகும். "இது என்னப்பா கோடு?" என்பீர்கள். "காஞ்ச பருத்திமார்க் குச்சி கிழிச்சது" என்று சொல்லி ஓட்டிவிடுவேன். போன வாரம் செல்வி தன் பாடப் புத்தகத்தில் ஒரு பூவின் படத்தைக் காட்டி, "அப்பா, இது நம்ம காட்டுச் செடிதான?" என்று கேட்டாள். படத்துக்குக் கீழே ஒரு மருந்தின் பேர் போட்டிருந்தது. எனக்கு அந்த இடத்தில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அந்த மருந்து என் கையில் ஏறிய மருந்து, தாயி! இனிமேல் பருத்திமார் கதை செல்லாது. நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது செல்வி ஒண்ணாம் வகுப்பு, குமார் தொட்டிலில். பரளச்சிக்குக் கிழக்கே நம் மானாவாரிக் காட்டில் பாதி பருத்தியும் கொத்தமல்லியும் போட்டிருந்தேன். மேட்டுப் பக்கம் கல்லு பூமி, அதில் எதுவும் ஒழுங்காக வராது. அங்கே நித்யகல்யாணியை விதைத்திருந்தேன். சுடுகாட்டு மல்லி என்று ஊரில் சொல்வார்களே, அதேதான். மழை பொய்த்தாலும் நிற்கும். ஆடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும், வாய் வைக்காது. காவல் வேண்டாத வெள்ளாமை. இலையை உருவிக் காயவைத்தால் அருப்புக்கோட்டை வியாபாரி ஒரு விலைக்கு எடுப்பார். கடைசியில் செடியைப் பிடுங்கி, வேரை வெட்டிக் கழுவிக் காயவைத்தால் அதற்கு இலையைவிட நல்ல விலை. மூட்டையெல்லாம் லாரியில் ஏறித் தூத்துக்குடி போய், அங்கிருந்து கப்பலில் வெளிநாடு போகும். "மருந்துக்கு" என்பார் வியாபாரி. என்ன மருந்து, யாருக்கு என்று நாங்கள் கேட்டதில்லை.

கட்டியைக் கண்டுபிடித்தது உங்கள் அம்மா. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடும்போது கை சட்டென்று நின்றது.

"இந்தா, கழுத்துல நெறி கட்டியிருக்கு. பல்லு கில்லு சொத்தையா?"

காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அது மாதிரிதான் நானும் நினைத்தேன். சுண்ணாம்பு தடவினோம். கட்டி அசையவில்லை. பிஞ்சுப் பருத்திக்காய் போல இருந்தது விளைந்த காய் ஆயிற்று. சாயங்காலமானால் காய்ச்சல். படுத்து எழுந்தால் பாய் நனைந்துகிடக்கும். உடம்பெல்லாம் காரணமில்லாத அரிப்பு. போன தீபாவளிக்கு எடுத்த சட்டை அண்ணனுடைய சட்டை மாதிரி தொங்கியது.

அருப்புக்கோட்டை டாக்டர் கட்டியை அமுக்கிப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்லீங்கய்யா, கொஞ்சமும் வலிக்கல" என்றேன், நல்ல சேதி சொல்வதாக நினைத்துக்கொண்டு.

"வலிக்கலைங்கிறதுதான் எனக்குப் பிடிக்கல" என்றார். சீட்டு எழுதி அன்றைக்கே மதுரைக்கு அனுப்பினார்.

மதுரை ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடம் நம் ஊர்ச் சந்தையைவிடப் பெரிசு. எல்லோர் கையிலும் ஒரு ஒயர்கூடை, ஒரு ஃப்ளாஸ்க், ஒரு உறையில் எக்ஸ்ரே. முதலில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். பிறகு கழுத்தை மரத்துப்போக வைத்து, கட்டியில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். இதுக்குப் பயாப்சி என்று பேர். துண்டைப் பூதக்கண்ணாடியில் வைத்து, அதில் இருப்பது என்ன என்று பார்ப்பார்கள். நீங்கள் தடவிய கோடு அந்த வெட்டுதான். பிறகு இடுப்பு எலும்பில் ஊசி போட்டு, உள்ளே இருக்கும் மஜ்ஜையை உறிஞ்சி எடுத்தார்கள். ரத்தம் ஊறுகிற இடம் அது. நோய் அங்கேயும் போயிருக்கிறதா என்று பார்க்க. அந்த ஊசியில் மட்டும் உயிர் போய்த் திரும்பி வந்தது. மற்றதெல்லாம் தாங்கக்கூடியதுதான்.

முடிவைச் சொன்னவர் மேகலா டாக்டர். வயசில் சின்னவர், வேகமாக நடப்பார், அதைவிட வேகமாகப் பேசுவார். உங்கள் அம்மாவையும் கட்டில் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுத்தான் சொன்னார்.

"நெறிங்கிறது உடம்புல அங்கங்க இருக்கிற செக்போஸ்ட் மாதிரி. உள்ள வர்ற கிருமியைப் பிடிச்சு நிறுத்துற இடம். உங்களுக்கு அந்த இடத்துலேயே புற்றுநோய் வந்திருக்கு."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் பந்தல்குடி லாரி டிரைவர் சங்கரலிங்கம். அவருக்கும் இதே நோய்தான். போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "செக்போஸ்ட்காரனே கெட்டுப்போயிட்டாங்கிறீக. எனக்கு இது புதுசில்ல டாக்டரம்மா."

உங்கள் அம்மா அழுதுகொண்டிருந்தவள், அழுகையிலேயே சிரித்துவிட்டாள். அந்த நோய்க்கு ஒரு வெள்ளைக்காரப் பேர் உண்டு. அவளுக்குக் கடைசிவரை அது வாயில் நுழையவில்லை.

"பயப்படுங்க, ஆனா ரொம்பப் பயப்படாதீங்க" என்றார் டாக்டர். "இந்த வகை மருந்துக்குக் கேட்கிற வகை. மஜ்ஜைக்குப் போகல. ரெண்டு ஊசி, ரெண்டு மாத்திரை, நாலும் சேர்ந்து வேலை செய்யணும். எல்லார் உடம்பும் ஒரே மாதிரி கேட்காது. கொடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

அந்த நாலில் ஒன்றுதான் வின்கிரிஸ்டின். கட்டைவிரல் உயரத்துக் குப்பியில் தண்ணீர் மாதிரி இருக்கும். சூடு படக்கூடாது. அதனால் உங்கள் அம்மா மருந்துக் கடையில் வாங்கி, ஒரு ஃப்ளாஸ்கில் ஐஸ் போட்டு, அதற்குள் குப்பியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிவைத்து எடுத்து வருவாள். அவள் காதில் கிடந்த கம்மல் அந்தக் குப்பிகளாகத்தான் மாறியது. நான் கேட்டதற்கு, "காது கனமா இருந்துச்சு, கழட்டிட்டேன்" என்றாள்.

முதல் ஊசியை மேகலா டாக்டரே போட்டார். ரத்த நரம்பில் மெதுவாக, மெதுவாக ஏற்ற வேண்டும். ஒரு சொட்டு நரம்புக்கு வெளியே கசிந்தாலும் சதை வெந்துபோகும். "எரிஞ்சா உடனே சொல்லணும்" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு, பேச்சுக் கொடுத்தபடி ஏற்றினார்.

"என்ன விவசாயம்?"

"பருத்தி, மல்லி. மேட்டுல கொஞ்சம் நித்யகல்யாணி."

அவர் கை அப்படியே நின்றது. ஏதோ தப்பு நடந்துவிட்டது போல என்று நினைத்தேன். கையை அசைக்காமல் கண்ணை மட்டும் அகல விரித்தார்.

"நிஜமாவா? நித்யகல்யாணியா போடுறீங்க?"

"ஆமாங்க. இலை, வேரு ரெண்டும் யாவாரிக்குப் போடுவோம்."

"ஐயோ! இப்ப உங்க நரம்புல ஏறிட்டிருக்கே, இது அதுதான்! அந்த இலையில இருந்து எடுக்கிறதுதான்!"

பிள்ளைகளே, அந்த நேரம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுத எனக்குச் சொல் போதாது. நோயாளி என்பதே மறந்துபோயிற்று. எழுந்து உட்காரப் போனேன், டாக்டர் ஒரு கையால் அமுக்கிப் படுக்கவைத்தார். ஊசியை முடித்துக் கையில் பஞ்சை வைத்துவிட்டு, வேலையிருந்தும் போகாமல் நின்று அவர் சொன்ன கதையை நான் ஒரு எழுத்து விடாமல் மனசில் வாங்கினேன்.

நம் ஊரில் சர்க்கரை நோய்க்கு நித்யகல்யாணிப் பூவைக் கொதிக்கவைத்துக் குடிப்பவர்கள் உண்டல்லவா? அது மாதிரி கடல் தாண்டியும் சில தேசத்து ஜனங்கள் இந்தச் செடியின் இலையைச் சர்க்கரைக்குக் குடித்திருக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்ட ஆராய்ச்சிக்காரர்கள் இலைச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. ஆனால் எலிகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மளமளவென்று குறைந்துவிட்டன. வேறு ஆளாக இருந்தால் 'சீ, விஷம்' என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். அவர்கள் போடவில்லை. வெள்ளை அணு தாறுமாறாகப் பெருகுகிற நோய் இருக்கிறதே, அதற்கு இது ஆகுமா என்று யோசித்தார்கள்! இலையில் இருக்கும் நூறு சரக்கில் எது அந்த வேலையைச் செய்கிறது என்று பிரித்துப் பிரித்துப் பார்த்துப் பிடித்தார்கள். ஓர் அணு ரெண்டாகப் பிரிகிற நேரத்தில் உள்ளே புகுந்து, பிரியவிடாமல் கட்டிப்போடுவதுதான் இந்த மருந்தின் வேலை. கட்டி பெருகுவது நின்றுபோகும்.

"ஒரு குப்பிக்கு எம்புட்டு இலைங்க ஆகும்?" என்று கேட்டேன்.

"மூட்டை மூட்டையா இலையைப் போட்டாலும் ஒரு சிட்டிகை தேறுறது கஷ்டம்."

சங்கரலிங்கம் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "அடப் பாவி மனுசா! அருப்புக்கோட்டை குடோன்ல இருந்து அந்த இலை லோடை ஹார்பருக்கு அடிச்சவன் நான்தான்யா! தூத்துக்குடி போறவரைக்கும் தும்மிக்கிட்டே போவேன். ஒம்ம இலையா அது?"

"நம்மதாயிருக்கும் அண்ணாச்சி."

"அப்ப ஒமக்கு வைத்தியம் பாக்குறது இந்த டாக்டரம்மா இல்ல. நான்தான். பீஸை எடும்."

எல்லோரும் சிரித்தோம். என் அக்கா, உங்கள் வேலம்மா அத்தை, அன்றைக்குக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

எம்.ரெட்டியபட்டியில் கட்டிக்கொடுத்த அக்கா அவள். மாமா போனபிறகு நம்மோடுதான் இருந்தாள். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளில் அத்தை வீட்டில் உங்களையும் காட்டையும் பார்ப்பாள். அத்தை வரும் நாளில் அம்மா ஊருக்குப் போவாள். இப்படி மாறி மாறி வந்தார்கள்.

ஊசி போட்ட அந்த வாரத்துக்குள்ளேயே காய்ச்சல் நின்றது. அரிப்பு நின்றது. பாய் நனையவில்லை. ஒரு காலையில் சவரம் செய்யக் கழுத்தைத் தடவினேன், கட்டி கல்லு மாதிரி இல்லாமல் இளகிக் கிடந்தது! உங்கள் அம்மாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் தொட்டுவிட்டு, கண்ணை மூடித் திரும்பவும் தொட்டாள். விளைந்த பருத்திக்காய், புளியங்கொட்டை அளவுக்குப் போய்விட்டது. வார்டு பெருக்க வந்த அம்மாவைக்கூடக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அப்படி ஒரு சந்தோசம்.

சங்கரலிங்கத்துக்கு அதே மருந்துதான் ஏறியது. அவர் கட்டி அசையவில்லை. எனக்குச் சங்கடமாகப் போயிற்று, சந்தோசத்தைக் கொஞ்சம் மறைத்துக்கொண்டேன். "ஏன்யா மூஞ்சியத் தொங்கப்போடுறீரு? ஒரே ரோடு, ஒரே டீசல், ஒரு வண்டி மலை ஏறும், ஒண்ணு திணறும். எனக்கு வேற கியர் போடுவாக" என்றார். டாக்டரும் அதைத்தான் சொன்னார், இன்னும் கொஞ்சம் நீளமாக. ஒரே பேருள்ள நோய் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி நடக்கும், ஒரு மருந்து கேட்காவிட்டால் வேறு மருந்து உண்டு என்று.

மேகலா டாக்டர் என்னிடம் ஒரு உதவி கேட்டார். "எங்க காலேஜ் பிள்ளைங்க குப்பியைத்தான் பார்த்திருக்காங்க. செடியைப் பார்த்ததில்லை. வேரோட நாலு செடி கொண்டுவரச் சொல்லுங்களேன்." நான் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்தடுத்த ஊசிகளில் மருந்து தன் இன்னொரு முகத்தைக் காட்டியது. முடி கொட்டியது. தாடை வலித்தது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, உங்கள் அம்மா குமாருக்குப் போடுவது மாதிரி எனக்குப் போட்டுவிடுவாள். வயிறு இறுகிக்கொண்டது. இதெல்லாம் வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இந்த மருந்து உணர்ச்சி நரம்பைக் கொஞ்சம் கடிக்கும், பிறகு சரியாகிவிடும் என்று.

ஆனால் அவர் சொல்லாத ஒன்று வந்தது. கட்டிலை விட்டு எழுந்தால் கண் இருட்டியது. ஒருநாள் காலையில் எழுந்து நின்றவன் அப்படியே சரிந்தேன். சங்கரலிங்கம் தாவிப் பிடிக்காவிட்டால் மண்டை போயிருக்கும்.

பெரிய டாக்டர் வந்தார். படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், நிற்கவைத்துப் பார்த்தார். படுத்திருந்தபோதே குறைவு, நின்றால் தடாலென்று இறங்கியது. மேகலா டாக்டர் முகத்தில் எப்போதும் இருக்கும் வேகம் இல்லை.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று பெரிய டாக்டர் கேட்டார்.

"இல்லீங்கய்யா" என்றேன்.

"வேறெந்த மருந்தும் குடுக்கலைங்கய்யா" என்றாள் அக்காவும், கும்பிட்டுக்கொண்டு.

அவர்கள் போனபிறகு மேகலா டாக்டர் எனக்கு விளக்கினார். "நாம எந்திரிச்சு நிக்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கிடாம இறுக்கிப் பிடிக்கிறதுக்குன்னு நரம்பு இருக்கு. வின்கிரிஸ்டின் அந்த நரம்பையே அடிக்குதுன்னு சந்தேகப்படுறோம். அப்படின்னா அடுத்த ஊசி போடக் கூடாது. இந்த மருந்தை நிறுத்திட்டு மத்த மூணை வச்சுத்தான் ஓட்டணும்."

"அது மட்டும் பத்துமாங்க?"

அவர் பதிலுக்கு என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். புளியங்கொட்டை இன்னும் இருந்தது.

பிள்ளைகளே, நோய் என்று சொன்ன நாளில்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. மருந்து கேட்கிறது என்று விரலாலேயே தொட்டுப் பார்த்தவன் நான். கரைந்துகொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்து என்றால்? அதுவும் என் காட்டிலேயே விளைகிற செடியின் மருந்து, என் உடம்பு தாங்காது என்று சொன்னால்? ஊசி நாள் திங்கட்கிழமை. அன்றைக்குக் காலையில் முடிவு செய்வோம் என்று சொல்லியிருந்தார்கள்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அக்கா வந்து இறங்கினாள். ஒரு கையில் ஃப்ளாஸ்க், மறு கையில் ஈரச் சாக்கில் சுற்றிய கட்டு. வழக்கம்போல ஃப்ளாஸ்கைத் திறந்து டம்ளரில் ஊற்றினாள். கொஞ்ச நாளாக அவள் வரும்போதெல்லாம் கொண்டுவருவாள், ஒரு ஃப்ளாஸ்க் மறுநாளைக்கும் ஆகும். சுக்கும் கருப்பட்டியும் மணக்கும்.

"சுக்குத்தண்ணி, குடி தம்பி. தெம்பு வரும்."

எப்போதும் கசக்கும்தான். ஆனால் அந்த நாளில் எனக்குச் சோறே கசந்தது. மாத்திரைகளால் நாக்கு செத்துக் கிடந்தது. டம்ளரை வாயில் வைக்கப்போன நேரம் மேகலா டாக்டர் உள்ளே வந்தார். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி கையில் இருந்தது. ஆனால் அவர் கண் சாக்குக் கட்டின் மேல் போய்விட்டது.

"செடியா? கொண்டுவந்துட்டீங்களா அம்மா!"

கவலையெல்லாம் ஒரு நிமிஷம் விட்டுப் போய்க் குனிந்து சாக்கைப் பிரித்தார். பஸ்ஸில் வந்தும் வாடாத செடிகள், ரோஸ் நிறத்தில் பூ. ஆசையாக ஒன்றைத் தூக்கியவர் புரட்டிப் பார்த்தார். அடித்தண்டு அரிவாளால் சீவினாற்போல் நின்றது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படித்தான்.

"வேரோட கேட்டேனேம்மா. வேர் எங்க?"

அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. டாக்டருக்கே தெரியாத ஒன்றைச் சொல்லப்போகிற சிரிப்பு.

"வேரு காலேஜு பிள்ளைகளுக்கு எதுக்குங்க, அநியாயமா? அது என் தம்பிக்கு வேணும்ல. வேரை இடிச்சுத்தான் சுக்கோட போட்டுக் காய்ச்சித் தாரேன். இந்தா, இதுதான்."

டாக்டர் டம்ளரை என் கையிலிருந்து பிடுங்கிவிட்டார். மோந்தார். விரல் நுனியில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார்.

"எத்தனை நாளா குடுக்குறீங்க?"

"நீங்கதான கதை சொன்னீக? இலையிலதான் மருந்து இருக்குன்னு. நான் அன்னைக்கே யோசிச்சேன். யாவாரி இலைக்குக் குடுக்குறதவிட வேருக்கு ரெண்டு பங்கு குடுக்குறான். யாவாரி என்ன மூளையில்லாதவனா? இலையிலேயே இம்புட்டுன்னா வேருல எம்புட்டு இருக்கும்! அதான் ஊருக்குப் போன மறுநாளே பிடுங்கிட்டேன்."

"அன்னைக்கு டாக்டர் கேட்டப்ப வேற மருந்து குடுக்கலைன்னு சொன்னீங்களே?"

"மருந்தா?" அக்கா உண்மையாகவே திகைத்துப்போனாள். "இது கசாயமுல்ல?"

சங்கரலிங்கம் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டார். கட்டில் குலுங்கியது, உள்ளே சிரித்துக்கொண்டிருந்தார்.

மேகலா டாக்டர் சிரிக்கவில்லை. கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் கட்டிலில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, உங்க யாவாரி மூளையில்லாதவர் இல்ல. ஆனா அந்த வேரை வாங்குறவங்க வேற. வேர்ல இருக்கிறது வேற சரக்கு. அதுல இருந்து எடுக்கிறது ரத்தக் கொதிப்பை இறக்குற மருந்து. ஒரே செடிதான், இலைக்கு ஒரு குணம், வேருக்கு ஒரு குணம். நீங்க இத்தனை நாளா உங்க தம்பிக்கு ரத்த அழுத்தத்தை இறக்கிட்டிருந்திருக்கீங்க. அதோட பச்சை வேர்ல இன்னும் என்னென்ன விஷம் இருக்குன்னு அளந்து பார்த்தவங்க யாரும் இல்ல."

நான் பக்கத்து அலமாரியைப் பார்த்தேன். மேல் தட்டில் ரெண்டு ஃப்ளாஸ்க். ஒன்றில் ஐஸுக்கு நடுவில் அன்றைக்குப் போடவேண்டிய குப்பி, முந்தின நாள் உங்கள் அம்மா வாங்கிவைத்தது. இன்னொன்று அக்கா கொண்டுவந்தது. ஒன்றில் இலை, ஒன்றில் வேர்! ரெண்டும் என் மேட்டுக் காட்டில் விளைகிற செடி. ஒன்றோடு ஒன்று அடித்துக்கொண்டிருந்தது என் உடம்புக்குள்.

பிறகுதான் எனக்கு உறைத்தது.

"அப்ப, டாக்டரம்மா, தலை சுத்துனது ஊசியால இல்லையா?"

"அதைத்தான் பார்க்கணும்!" என்று எழுந்தார். பழைய வேகம் வந்துவிட்டது. "ஊசியைத் தள்ளிவைப்போம். கஷாயத்தை நிறுத்துவோம். நாலைஞ்சு நாள் தினமும் அளந்து பார்ப்போம். அழுத்தம் ஏறிடுச்சுன்னா குற்றவாளி வேர். ஏறலைன்னா குற்றவாளி ஊசி."

அந்த நாட்களில் நான் கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிறவன் மாதிரி ஆகிவிட்டேன். படுத்து ஒரு அளவு, நின்று ஒரு அளவு. நர்ஸம்மா காற்றை அடித்துக் கையை இறுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். "மூச்சு விடுங்க, விட்டாத்தான் சரியா காட்டும்" என்பார். முதல் நாள் மாற்றமில்லை. அடுத்த நாள் கொஞ்சம். அதற்கடுத்த நாள் எழுந்து நின்றேன், கண் இருட்டவில்லை! ஜன்னல்வரை நடந்தேன். வெளியில் ஒரு பஸ் அருப்புக்கோட்டை போர்டு போட்டுக்கொண்டு போனது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன், விழவில்லை.

அக்காதான் பாவம். அந்தத் திங்கட்கிழமையிலிருந்து வார்டுக்குள் வராமல் வெளி நடையிலேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நானே அவளிடம் போனேன்.

"எக்கா, உள்ள வா."

"வரமாட்டேன். நான் ஒன்னைக் கொல்லப் பாத்தவ."

"கொல்லப் பாத்தியா? நீ அந்த வேரை வெட்டாமக் கொண்டுவந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. ஊசியை நிறுத்தியிருப்பாக. வேரை வெட்டினதும் நீதான், என்னைக் காப்பாத்துனதும் நீதான்."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏலே, நீ நடந்தா வந்த?"

"பெறகு? பறந்தா வந்தேன்?"

அதற்குப் பிறகுதான் எழுந்தாள்.

அந்த வார முடிவில் பெரிய டாக்டர் ரெண்டு அளவையும் பார்த்துவிட்டு, "போடலாம்" என்றார். ஒரே ஒரு சொல். மேகலா டாக்டர் குப்பியை உடைத்தார். நரம்புக்குள் குளிர்ந்து ஏறியது. இலை மட்டும்.

ஆறு மாதத்துக்கு மேல் வைத்தியம் ஓடியது. ஊசி நாளுக்கு மட்டும் மதுரை போய்விட்டு வருவேன். சங்கரலிங்கத்துக்கு வேறு மருந்து மாற்றினார்கள், அது கேட்டது. இன்றைக்கும் நம் ஊர்ப்பக்கம் லோடு வந்தால் ஹாரன் அடித்துவிட்டுத்தான் போகிறார். "அந்த ஹாரன்காரர் யாருப்பா?" என்று குமார் கேட்பானே, அவர்தான்.

கடைசிப் பரிசோதனைக்கு அக்காவும் கூட வந்தாள். படம், ரத்தம் எல்லாம் பார்த்தாயிற்று. மேகலா டாக்டர் பேனாவைத் திறந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"வேற ஏதாவது மருந்து சாப்பிட்டாரா?"

நான் வாய் திறக்குமுன் அக்கா எழுந்து நின்றாள். "மருந்து எதுவும் இல்லீங்க. காலையில காப்பி. சாப்பிட்டபிறகு ஒரு வெத்தல, சுண்ணாம்பு கம்மி. செவ்வாக்கிழமை கோயில் தீர்த்தம், அதுல துளசி இருக்கும். போன வாரம் சளிக்கு ஓமம் மோந்தான், குடிக்கல. நேத்து பஸ்ஸுல பக்கத்து ஆளு குடுத்த புளிப்பு மிட்டாய், பாதிதான் தின்னான், மீதிய நான் பிடுங்கிட்டேன்."

டாக்டர் சிரித்துச் சிரித்துப் பேனாவை மேசையில் போட்டுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து என் கழுத்தில் கை வைத்தார். இடப்பக்கம் அமுக்கினார். வலப்பக்கம் அமுக்கினார். காதுக்குக் கீழே, தோள்பட்டைக் குழியில், திரும்ப இடப்பக்கம். அவர் விரலுக்கு அந்த இடம் அத்துப்படி. எத்தனை தடவை தொட்டுப் பார்த்தவர். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாமல் அவர் சிரிப்பு மெல்ல அடங்கி, நெற்றி சுருங்கியது.

"எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டார்.

அக்காதான் பக்கத்தில் வந்து, அவர் விரலைப் பிடித்து, அந்தக் கோட்டின் மேல் வைத்தாள்.